அகப்பாட்டில் இருப்பது எந்தக் காதல்? குமரி மாவட்டத்துப் புது வாசகருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் படித்த ஐந்திணை அட்டவணை பலருக்கும் இன்னும் மனப்பாடம். மலை என்றால் குறிஞ்சி, புணர்தல். காடு என்றால் முல்லை, இருத்தல். வயல் என்றால் மருதம், ஊடல். கடல் என்றால் நெய்தல், இரங்கல். வறண்ட வழி என்றால் பாலை, பிரிதல். இதை மட்டும் நம்பிக் குறுந்தொகையைத் திறப்பவருக்கு 25-ஆம் பாட்டிலேயே கால் இடறும்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

ஓடும் நீர், ஆரல் மீன், குருகு. அட்டவணைப்படி இது வயல் பக்கத்துச் சமாசாரம், மருதம் என்று எழுதத்தான் கை போகும். ஆனால் இது கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டு. ஏன் என்பதற்கு விடை நிலத்தில் இல்லை, பேசுகிறவளின் நிலைமையில் இருக்கிறது. ஒருவன் அவளோடு கூடினான். மணந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நாள் கடத்துகிறான். அன்றைக்குச் சாட்சி யாரும் இல்லை, ஒரு குருகைத் தவிர. தோழியிடம் இதைச் சொல்கிறாள். களவும் (மணத்துக்கு முந்திய மறைவான காதல்) கூட்டமும் அதன் பிறகு வந்த பயமும்தான் பாட்டின் பொருள். அது குறிஞ்சிக்கு உரியது.

நிலமும் பொழுதும் முதற்பொருள். பூ, பறவை, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள். உறவில் என்ன நடக்கிறது என்பது உரிப்பொருள். உரிப்பொருள் தவிர மற்றவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. எனவே காதலின் வகையைக் கண்டுபிடிக்க முதலில் கேட்க வேண்டியது, யார் யாரிடம் எந்த நேரத்தில் பேசுகிறார் என்பதுதான். பூவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: நூலைத் தேர்வது

குறுந்தொகையில் தொடங்குங்கள். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. பெரும்பாலும் 4 முதல் 8 அடி. உ.வே.சாமிநாதையர் உரையோடு 1937-இல் வெளியிட்ட பதிப்பின் மறு அச்சுகள் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மூலத்தையும் உரையையும் காசில்லாமல் படிக்கலாம்.

அடுத்தது ஐங்குறுநூறு. 3 முதல் 6 அடியில் 500 பாட்டு. திணைக்கு ஒரு புலவர், ஆளுக்கு நூறு. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார். ஒரே சூழ்நிலையைப் பத்துப் பாட்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பதால் புதியவருக்குக் காது பழகும்.

பெயர் கவர்ச்சியாக இருக்கிறதே என்று அகநானூற்றில் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். 13 முதல் 31 அடி நீளம். நடுவில் போர்க்களம், ஊர்ப்பெயர், வள்ளல் புகழ் என்று உவமை நீண்டுகொண்டே போகும். முடிவதற்குள் பேசுகிறவர் யார் என்பது மறந்துவிடும். ஆனாலும் தொகுத்தவர் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்: ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை, 2-லும் 8-லும் முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், 0 நெய்தல். நூறு பாட்டு படித்த பிறகு அங்கே போனால் எண்ணை மறைத்துக்கொண்டு திணையைச் சொல்லிப் பார்த்து, பிறகு எண்ணோடு ஒத்துப்பார்க்கலாம். இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

இரண்டாவது: நோட்டில் ஒரு பக்கம், ஐந்து கேள்வி

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். யார் பேசுகிறார், யாரிடம், இது களவா (மணத்துக்கு முன்) கற்பா (மணத்துக்குப் பின்), இப்போது என்ன நடந்திருக்கிறது, பாட்டில் வரும் செடி, உயிர், பொழுது என்ன. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நாளைக்கு இரண்டு பாட்டு போதும். அரை மணி நேரம் ஆகும். இருபது பாட்டு முடியும்போது கை தானாக ஓடும்.

பேசக்கூடியவர்கள் சிலர்தான்: தலைவி, தலைவன், தோழி, செவிலி (வளர்த்த தாய்), நற்றாய் (பெற்ற தாய்), பரத்தை (தலைவன் நாடிப் போகும் வேறொருத்தி), சில இடத்தில் பாங்கன் (தலைவனின் தோழன்), பாணன் (தூதாக வரும் பாடகன்), வழியில் கண்டோர். யாருக்கும் பெயர் கிடையாது. அகப்பாட்டில் காதலருக்குப் பெயர் சூட்டக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பாட்டுக்குக் கீழே ‘தலைமகள் தோழிக்குச் சொல்லியது’ என்பதுபோல ஒரு குறிப்பு இருக்கும். அது புலவர் எழுதியதன்று, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. முதல் இருபது பாட்டுக்கு அதை நம்பிப் படியுங்கள். அதன் பிறகு கையால் மூடிக்கொண்டு, நீங்களே சொல்லிப் பாருங்கள்.

பேசுகிறவரைத் தப்பாகப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் குறுந்தொகை 8.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மிற் பெருமொழி கூறித் தம்மிற்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

தலைவன் இங்கே வந்து பெரிய பேச்செல்லாம் பேசுகிறான். தன் வீட்டில் கண்ணாடிப் பாவைபோல, அவள் கை தூக்கினால் கை தூக்குகிறான், கால் தூக்கினால் கால் தூக்குகிறான். வேகமாகப் படிக்கிறவர் இதை மனைவியின் புலம்பல் என்று எழுதிவிடுவார். கடைசி அடியைப் பாருங்கள்: ‘தன் புதல்வன் தாய்க்கு’. எந்த மனைவியும் தன்னை அப்படிச் சொல்லமாட்டாள். பேசுவது மற்றவள், அவன் வந்துபோகும் பரத்தை. மனைவி தன்னைத் திட்டினாள் என்று கேள்விப்பட்டு, அவள் பக்கத்தார் காதில் விழும்படி பேசுகிறாள். அது தெரிந்ததும் முதல் இரண்டு அடிக்கும் உயிர் வருகிறது. வயலோர மாமரத்தின் பழம் தானாக முற்றித் தானாக விழுகிறது. வாளை வாயைத் திறந்தது, அவ்வளவுதான். நான் ஒன்றும் அவனைத் தேடிப் போகவில்லை என்று சொல்லாமல் சொல்கிறாள். இப்படி இயற்கைக் காட்சிக்குள் ஆளையும் செயலையும் ஒளித்து வைப்பதற்கு உள்ளுறை என்று பெயர். மனைவி பேசுகிறாள் என்று படித்தால் மாம்பழமும் வாளையும் வெறும் அலங்காரமாக நின்றுவிடும்.

மூன்றாவது: நிலத்தை நேரில் பார்ப்பது

நம் மாவட்டத்தில் இது சுலபம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கையும் ஒரே நாளில் பேருந்தில் சுற்றிவிடலாம். பாலைக்குத் தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் மழையில்லாமல் காய்ந்துபோனால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போய், வேனில் மாதத்து நண்பகலில் நின்று பார்த்தால், அப்படிப்பட்ட வழியில் அவன் போவதை நினைத்துத் தலைவி ஏன் பயந்தாள் என்று விளங்கும்.

முதலில் தேரூர்க் குளத்துக்குப் போங்கள். கொக்கு ஒன்று மீனுக்காக நிற்பதைப் பத்து நிமிடம் பாருங்கள். கால் அசையாது, கழுத்து அசையாது, கண் தண்ணீரை விட்டு விலகாது. பக்கத்தில் ஆள் பேசினாலும் அது காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியாது. இனி 25-ஆம் பாட்டைத் திரும்பப் படித்தால் அந்தப் பெண்ணின் கதி புரியும். இருந்த ஒரே சாட்சியும் ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் பேசாத பறவை, அதிலும் கவனம் வேறெங்கோ. மெலிந்த பச்சைக் காலுக்குத் தினைத்தாளை உவமை சொன்னதில் மலைப்புனமும் ஓசையில்லாமல் உள்ளே வந்துவிட்டது.

குறிஞ்சிக் களவைக் கதையாகப் பார்க்க வேண்டுமானால் தக்கலைக்குப் பக்கத்தில் வேளிமலை அடிவாரத்துக் குமாரகோவில் இருக்கிறது. வள்ளியை முருகன் மணந்த இடம் என்பது ஐதீகம். பங்குனித் திருக்கல்யாணத்தில் குறவர் படுகளம் நடக்கும். பெண்வீட்டார் மறித்துச் சண்டைபோட்டுத் தோற்ற பிறகுதான் கல்யாணம். தினைப்புனம் காக்கும் பெண், வேற்று ஆள், மறைவான சந்திப்பு, உறவுக்காரர் எதிர்ப்பு என்று குறிஞ்சியின் கட்டம் எல்லாம் அதில் உண்டு.

முல்லையில் ஒரு பொழுதுக் குழப்பம் வரும். முல்லைக்குரிய கார்காலம் ஆவணி, புரட்டாசி. நமக்கோ இடவப்பாதி மழை வைகாசிக் கடைசியிலேயே கொட்டத் தொடங்கி, பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி பெய்யும். ‘மழை வந்துவிட்டது, அவர் வரவில்லை’ என்று தலைவி சொல்லும்போது நம்மூர் மழையை வைத்து மாதக் கணக்குப் போடாதீர்கள்.

முல்லைக்குக் காடே வேண்டாம் என்பதற்குக் குறுந்தொகை 167. மகள் வீட்டுக்குப் போய் வந்த செவிலி, நற்றாயிடம் சொல்கிறாள்: கட்டித்தயிரைப் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்தாள், அதைத் துவைக்காமலே உடுத்தியிருந்தாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறியது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் ‘இனிது’ என்று சாப்பிட்டான், அவள் முகம் லேசாக மலர்ந்தது. (நம்மூர்ப் புளிசேரிக்கு இது தூரத்துச் சொந்தம் என்றே தோன்றும்.) மரமில்லை, மாடில்லை, மழையில்லை. இருந்தும் இது முல்லை. வீட்டோடு இருந்து நடத்தும் அன்பு அதன் உரிப்பொருள். ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவள் சிரித்தாள் என்று புலவர் சொல்லவில்லை. பார்த்துப் பழகிய செவிலிக்கு மட்டும் தெரியக்கூடிய அளவு மலர்ச்சி அது.

அதிகம் பேர் தடுமாறுவது முல்லைக்கும் நெய்தலுக்கும் இடையில்தான். இரண்டிலும் அவள் காத்திருக்கிறாள். திரும்பி வருவதாக அவன் சொன்ன பருவம் உண்டா, அதை அவள் நம்புகிறாளா என்று கேளுங்கள். நம்பி ஆற்றியிருந்தால் முல்லை. கரையில் நின்று இரங்கினால் நெய்தல். இது கறாரான கோடு அன்று. பருவம் வந்தும் அவன் வராமல் புலம்பும் பாட்டுகள் முல்லையிலும் நிறைய. நெய்தலின் இரக்கம் பழக்கமாக வேண்டுமானால் குமரியம்மன் கதை போதும். சுசீந்திரத்திலிருந்து வர வேண்டிய மாப்பிள்ளை, நடுவில் கூவிய சேவல், நின்றுபோன கல்யாணம், மணலாகிப்போன கல்யாண அரிசி.

அட்டவணை முழுக்க வீண் என்று நினைத்துவிடவும் வேண்டாம். நற்றிணை 172-இல் தோழி தலைவனிடம் ஒரு புன்னை மரத்தைக் காட்டுகிறாள். சிறுவயதில் மணலில் அழுத்தி விளையாடி மறந்துபோன விதை முளைத்துவிட்டது, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்தோம், ‘உங்களைவிட இது சிறந்தது, உங்கள் தங்கை’ என்று அம்மா சொன்னாள். அதன் நிழலில் உன்னோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறாள். இங்கே இரங்கல் வெளிப்படையாக இல்லை. புன்னையும் சங்கு முழங்கும் துறையும்தான் இதை நெய்தல் ஆக்குகின்றன. உரிப்பொருள் தெளிவாக இல்லாத இடத்தில் நிலத்தைக் கேளுங்கள். வெளியே காதல் பாட்டு. உள்ளே தாய்க்கு மரத்தின்மேல் இருந்த அன்பும், மகளிருக்கு அதன்மேல் வந்த உடன்பிறப்பு உணர்வும் இருக்கின்றன.

பெற்றோர் பாசத்தைத் தேடுகிறவர்கள் பாலையில் தேட வேண்டும். மகள் காதலனோடு ஊரைவிட்டுப் போன பிறகு தாய் படும் பாடு அங்கேதான் வருகிறது. ஐங்குறுநூறு 371 முதல் 380 வரை பத்துப் பாட்டும் அதுவே.

நான்காவது: ஐந்துக்குள் அடங்காத காதல்

ஒருதலைக் காதல் கைக்கிளை. பேச்சுக்கு மறுபேச்சு வராததே அதன் அடையாளம். புறநானூறு 83, 84, 85 மூன்றும் பெண்புலவர் நக்கண்ணையார் பாடியவை. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளிமேல் அவருக்கு ஆசை. தாய்க்கும் அஞ்சுகிறார், அவைக்கும் நாணுகிறார். காதல் பாட்டு புறநானூற்றுக்குள் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. யாரைப் பற்றியது என்பது வெளிப்பட்டுவிட்டது, அகத்தில் அதற்கு இடமில்லை.

பெருந்திணை பொருந்தாக் காமம். இதில் மடல் விஷயத்தைச் சரியாகப் பிடியுங்கள். குறுந்தொகை 17-இல் தலைவன், காமம் முற்றினால் பனைமடலைக் குதிரையாக ஏறவும் செய்வார்கள், எருக்கம்பூவைச் சூடவும் செய்வார்கள் என்று தோழியிடம் சொல்கிறான். ஏறுவேன் என்று சொல்வதுவரை அது குறிஞ்சிதான், தோழியைப் பணியவைக்கும் மிரட்டல். உண்மையிலேயே ஏறிவிட்டால் பெருந்திணை. ‘ஏறிய மடல்’ என்று தொல்காப்பியம் சொல்வது அதைத்தான். தென்னை மட்டையை மனதில் வைத்துப் படிக்கிறவருக்கு இது வேடிக்கையாகத் தெரியும். பனைவிளை உள்ள ஊர்களில் கருக்குமட்டையின் விளிம்பை ஒருமுறை விரலால் தொட்டுப்பாருங்கள். அரம்போலப் பல் பல்லாக இருக்கும், அழுத்தினால் ரத்தம் வரும். அதன்மேல் உட்கார்ந்து தெருவில் இழுபடுகிறேன் என்று ஒருவன் சொல்கிறான்.

ஐந்தாவது: குறள், பாசுரம், நட்பு

கன்னியாகுமரிப் பாறையில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை மொத்தம் 133 அடி. 38 அடிப் பீடம் அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு. மேலே 95 அடி, பொருளின் 70-உம் இன்பத்தின் 25-உம் சேர்ந்தது. அந்த 25-ஐப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். காமத்துப்பாலில் களவியல் 7 அதிகாரம், கற்பியல் 18. மலை, கடல் துணை கிட்டத்தட்ட இல்லாமல், பேச்சை வைத்தே காதல் நடக்கிறது. எனவே தனிக்குறளாக எடுக்காமல் அதிகாரமாகப் படியுங்கள். புலவி நுணுக்கத்தில் அவன் தும்முகிறான், அவள் வாழ்த்துகிறாள், உடனே ‘யாரை நினைத்துத் தும்மினீர்?’ என்று அழுகிறாள் (1317). அடுத்த குறளில் அவன் தும்மலை அடக்குகிறான். ‘உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா?’ என்று அதற்கும் அழுகிறாள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் சிரிப்பு வரும்.

பக்திப் பாடலில் ஆழ்வார் தலைவியாகப் பேசுவதை எல்லோரும் அறிவார்கள். மகள், தாய், தோழி என்று மூவர் குரலிலும் பாசுரம் உண்டு. ஆனால் அன்பு தெரிகிற இடமெல்லாம் நாயகி பாவம், அதாவது தலைவியின் குரல், என்று எழுதிவிடக் கூடாது. நாகர்கோவிலுக்குப் பக்கத்துத் திருப்பதிசாரத்தை (பாசுரத்தில் வண்பரிசாரம்) நம்மாழ்வார் பாடிய பாசுரமே சான்று (திருவாய்மொழி 8.3.7):

வருவார் செல்வார் வண்பரிசாரத்து இருந்தஎன்
திருவாழ்மார்வற்கு என்திறம் சொல்லார் செய்வதென்

போகிறவர் வருகிறவர் யாரும் அவனிடம் என்னைப் பற்றிச் சொல்வதில்லையே என்கிறார். பெண் குரலில் தூது விடுவதுபோலத்தான் கேட்கிறது. அடுத்த அடிகளில் குரல் தெளிகிறது: சங்கும் சக்கரமும் சுமந்துகொண்டு உன்னோடு கூடத் திரிய ஓர் அடியான் இருக்கிறான் என்று சொல்லமாட்டார்களா? கடவுள் தனியாக இருக்கிறானே என்று அடியவன் படும் கவலை இது. ஆழ்வார் தாமாகவே பேசுகிறார். யார் பேசுகிறார் என்ற அதே கேள்விதான் இங்கும் காப்பாற்றுகிறது.

நட்புக்குப் பிசிராந்தையாரைத்தான் எல்லோரும் எடுப்பார்கள். நம் பக்கத்தில் நாஞ்சில் மலைத் தலைவன் நாஞ்சில் பொருநன் இருக்கிறான். கீரைக்கறிக்குக் கொஞ்சம் அரிசி கேட்டோம், யானையைக் கொடுத்துவிட்டான், இவன் என்ன மடையனா என்று ஔவையார் செல்லமாகத் திட்டுகிறார் (புறநானூறு 140). புகழ்ச்சியைத் திட்டாகச் சொல்ல நெருக்கம் வேண்டும். அதுவும் ஓர் அன்பு வகை என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது: நாவலுக்கு வரும்போது

இங்கே திணைப் பெயரை ஒட்டப் பார்க்காதீர்கள். கேள்விகளை மட்டும் கொண்டுவாருங்கள். ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964) நாவலில் லிஸி பெரிய வீட்டுப் பெண், தங்கராஜ் பனையேறியின் மகன். வயது வந்ததும் அவள் படிப்பு நின்று வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். சங்கப்பாட்டில் இற்செறிப்பு என்று படித்தது இதுதான். ஆனால் அங்கே தோழி இருந்தாள். அவள் பேசி வழி பண்ணினாள். இங்கே அந்த வேலையை யார் செய்கிறார், செய்ய ஆளில்லாதபோது காதல் எப்படிக் கடத்தப்படுகிறது என்று பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டே போனால் நாவலின் அமைப்பு பிடிபடும்.

தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தை மருதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போகும் வழக்கம் இருந்த காலம். பேசுகிறவள் ஒருவனுடைய ஐந்தாம் மனைவி. சங்க மருதத்தில் தலைவி ஊடுவதற்கு வீடு அவளுடையதாக இருந்தது; வாயிலை அடைக்கலாம், பாணனைத் திருப்பி அனுப்பலாம். இவளுக்கு அடைக்கக் கதவே சொந்தமில்லை. சிரிக்க வைக்கிற நூல்தான். முதல் வாசிப்பில் சிரித்துவிட்டு, இரண்டாம் வாசிப்பில் கணவன்மேல் அவளுக்கு அன்பு தெரிகிற வரிகளை மட்டும் தனியாகக் கோடிடுங்கள். பக்கத்தில் அந்த வரியை அவள் யாரிடம் சொல்கிறாள் என்றும் எழுதுங்கள்.